சுடுதளத்துக்குக் கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய மர ரைஃபிள் தாங்கி: வடிவமைப்பு குறித்து ஆலோசனை வேண்டும்

கல்லூரி_சுடுதளம்:
வணக்கம். எங்கள் கல்லூரியில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சி உள்விளையாட்டு அரங்கில் நடக்கிறது. மாலையில் அதே அரங்கு இறகுப்பந்துக்குத் தேவைப்படுவதால் எதையும் தரையிலோ சுவரிலோ நிலையாகப் பொருத்த முடியாது. இப்போது சுற்றுகளுக்கு இடையே மாணவர்கள் ரைஃபிள்களைச் சுவரோரம் சாய்த்து வைக்கிறார்கள். ஒன்று சரிந்தால் அடுத்ததும் சேர்ந்து சரியும் என்பதால் இந்த வழக்கத்தை உடனே நிறுத்த விரும்புகிறேன். பக்கத்துக்கு நான்காக எட்டு ரைஃபிள்கள் நிற்கும்படி, உச்சியில் கீல் வைத்து மடக்கக்கூடிய 'ஏ' வடிவத் தாங்கி ஒன்றைத் தச்சரிடம் செய்யச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இந்த வடிவம் சரியா? எந்த மரம், பள்ளத்துக்கு என்ன அளவு, உள்ளே ஒட்டுவதற்கு எது ஏற்றது? போட்டி ரைஃபிள்களுடன், குழலை மடக்கித் திறக்கும் ஸ்பிரிங் துப்பாக்கிகளும் எங்களிடம் உள்ளன.

பயிற்றுநர்_மதுரை:
இருபக்க வடிவத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். சுடுதளப் பொறுப்பாளர் நின்ற இடத்திலிருந்தே எல்லா ரைஃபிள்களின் குண்டு இடும் வாயும் திறந்திருக்கிறதா, பாதுகாப்புக் கொடி (குழலுக்குள் செருகும் நீண்ட இழை) செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'ஏ' வடிவத்தில் பாதித் துப்பாக்கிகள் எப்போதும் அவர் கண்ணுக்கு மறைவாகவே இருக்கும். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் (ஐ.எஸ்.எஸ்.எஃப்.) விதிகள் பளிச்சென்ற நிறத்தில் கொடியைக் கேட்பதும், ஏர் ரைஃபிளில் அது குழலின் முழு நீளத்துக்கும் செல்ல வேண்டும் என்பதும், குழலுக்குள் குண்டு இல்லை என்பதைப் பிறர் தொலைவிலிருந்தே அறிவதற்காகத்தான். எனவே ஒரே வரிசையாகச் செய்து, சுடும் கோட்டுக்குப் பின்னால், குறிபார்க்கும் சைட் உள்ள பக்கம் பொறுப்பாளரை நோக்கியிருக்கும்படி நிறுத்துங்கள்.

ஸ்பிரிங் துப்பாக்கிகளை இந்தத் தாங்கியில் சேர்க்க வேண்டாம். குழலை மடக்கித் திறந்த நிலையில் அவை நேராக நிற்காது. நிற்க வேண்டும் என்பதற்காக மூடி வைத்தால் சோதித்துப் பார்க்க வழியில்லை. அவற்றுக்குத் திறந்தபடியே படுக்க வைக்கும் தாழ்வான மேசை ஒன்று போதும்.

தச்சுவேலை_கோவை:
அளவுகளை நான் சொல்கிறேன். போட்டி ரைஃபிள் ஏறத்தாழ 110 செ.மீ. நீளம் இருக்கும், எடை விதிப்படி 5.5 கிலோவுக்கு மேல் போகாது. எட்டு ரைஃபிள் என்றால் நாற்பது கிலோவைத் தொடும்; அதைத் தாங்கும் அளவுக்குச் செய்தால் காலித் தாங்கியே கனக்கும். ஆகவே எட்டையும் ஒன்றில் அடைக்காமல் நான்கு நான்காக இரண்டு தாங்கிகள் செய்தால் ஒருவரே தூக்கிச் செல்லலாம். ஒவ்வொன்றுக்கும் 15 செ.மீ. இடைவெளி விடுங்கள். திறந்த நிலையில், குண்டு இடும் வாயைத் திறக்கும் நெம்புகோல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் அதற்குக் குறைந்தால் ஒன்றோடொன்று உரசும்.

மேல் சட்டத்தைத் தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில், 12 பாகை பின்சாய்வு கிடைக்கும்படி வையுங்கள். அந்தச் சாய்வில் ரைஃபிளின் எடை மையம், அடிக்கட்டை (தோளில் பதியும் பின்பகுதி) நிற்கும் இடத்திலிருந்து சுமார் 12 செ.மீ. பின்னால் விழும். அடிச்சட்டத்தின் ஆழம் 45 செ.மீ. இருந்து, அடிக்கட்டைகள் முன்விளிம்பிலிருந்து 10 செ.மீ. உள்ளே நின்றால், பாரம் ஏறக்குறைய நடுவில் இறங்கும். யாராவது இடறினாலும் எளிதில் கவிழாது. தாங்கி எடை குறைவாக இருக்க வேண்டும் என்று இந்த ஆழத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

கால்களுக்கு 50 × 35 மி.மீ. தேக்கு நல்லது. பள்ளம் வெட்டும் மேல் சட்டத்துக்கு 18 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் போடுங்கள்; மரப்பலகையில் பள்ளங்களுக்கு இடையே நிற்கும் பல் நரம்புவாக்கில் பிளந்துவிடும், பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அந்த அச்சம் குறைவு. 50 மி.மீ. துளை போட்டு, அதிலிருந்து விளிம்பு வரை இரண்டு நேர்வெட்டுகள் கொடுத்தால் பள்ளம் ஆயிற்று. முதலில் அட்டையில் வெட்டி, உங்கள் ரைஃபிளின் குழலுக்குக் கீழுள்ள காற்று உருளை அதில் இடிக்காமல் அமர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இணைப்புகளுக்குத் ஒரு சட்டத்தின் துளையில் மற்றதன் நாக்கை (மெலிதாகச் செதுக்கிய முனையை) செருகி மர ஆப்பு அடிக்கும் முறையே என் தேர்வு. ஆப்புகளைக் கயிற்றால் காலோடு கட்டிவிட்டால் தொலைந்தும் போகாது.

கடலோரம்:
உள்ளே வெல்வெட்டோ கம்பளித் துணியோ ஒட்ட வேண்டாம். அவை வியர்வையையும் காற்றின் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்வதால், எஃகு படும் இடத்தில் துரு வரும். ஈரம் உறிஞ்சாத ஈ.வி.ஏ. ஃபோம் (மெத்தென்ற பிளாஸ்டிக் நுரைத் தாள்) 5 மி.மீ. போதும். அடிக்கட்டை நிற்கும் பலகையிலும் அதையே ஒட்டி, முன்னால் 2 செ.மீ. தடுப்பு வையுங்கள்.

கல்லூரி_சுடுதளம்:
அனைவருக்கும் நன்றி. நான்கு வீதம் ஒரே வரிசையில் இரண்டு தாங்கிகள் என்று முடிவு செய்துவிட்டேன். ரைஃபிள்களுடன் சேர்த்தே சற்று நகர்த்தினால் தவறா?

பயிற்றுநர்_மதுரை:
தவறுதான். காலியாக இருக்கும்போது மட்டுமே நகர்த்த வேண்டும். பயிற்சி முடிந்ததும் ரைஃபிள்கள் பூட்டிய அலமாரிக்குப் போக வேண்டும். தாங்கியில் இரவு தங்கக் கூடாது.