மறு: இமேஜினல் டிஸ்க் – தட்டா, குருத்தா?

வணக்கம்.

பழ ஈயின் டிபிபி மரபணு பற்றிய உங்கள் தமிழ்க் கட்டுரை வரைவில் இமேஜினல் டிஸ்க் என்பது 'கற்பனை வட்டு' ஆகியிருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். இதில் கற்பனைக்கு வேலையே இல்லை. முழு வளர்ச்சி அடைந்த பூச்சிக்கு லின்னேயஸ் வைத்த லத்தீன் பெயர் 'இமாகோ'. புழுவுக்குள் இருந்துகொண்டு பிற்பாடு இமாகோவின் சிறகாகவும் காலாகவும் ஆகப்போகிற திசு, அதனால் இமேஜினல்.

> அப்படியானால் 'நிறையுடலித் தட்டு' போதுமே? இலங்கைப் பாடநூல்களில் நிறையுடலி புழக்கத்தில் உள்ளது.

நிறையுடலி நல்ல சொல் ஐயா, இமாகோவுக்கு அதையே வைத்துக்கொள்வோம். எனக்கு இடிப்பது 'தட்டு'. முதிர்ந்த புழுவை உப்புக்கரைசலில் போட்டு, வாய்க்கொக்கியை இடுக்கியால் பிடித்து, உடலைக் காலுறை மாதிரி உட்புறம் வெளியே வரப் புரட்டினால், மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொண்டு சிறகுக்கான திசு கண்ணாடி போலத் தெரியும். பார்க்கத் தட்டை, ஆனால் அது அமுங்கிய பை. கூட்டுப்புழுப் பருவத்தில் அந்தப் பை புரண்டு வெளியே வந்து சிறகாக விரிகிறது. உள்ளே சுருண்டிருந்து வெளியே வந்து விரிவதற்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறதே: குருத்து. வாழை வைத்திருக்கும் யாருக்கும் விளக்கவே வேண்டாம். சிறகுக் குருத்து, கால் குருத்து, கண் குருத்து என்று ஒட்டவும் செய்கிறது.

டிபிபியின் கதைக்கும் இது பொருந்துகிறது. 1982-இல் வைத்த முழுப்பெயர் டெக்காபென்டாபிளெஜிக். டெக்கா பத்து, பென்டா ஐந்து, கடைசியில் இருப்பது பக்கவாதத்தைக் குறிக்கும் சொற்களில் வரும் அதே வால். இந்த மரபணு கெட்டால் ஈயின் 19 குருத்துகளில் 15 பழுதாகும், அதனால் வந்த பெயர். பழுதாவது எப்படி என்பதுதான் சுவையானது. கால் குருத்து வட்ட வட்ட மடிப்பாக இருக்கும்; நடுவில் இருப்பது நீண்டு நுனி நகமாகும், விளிம்பில் இருப்பது உடலோடு சேரும் அடிமூட்டாகும். குருத்துகளில் டிபிபி குறைந்தால் போவது நுனிப்பகுதிதான். நெல்லில் தண்டுத்துளைப்பான் விழுந்தால் நடுக்குருத்து காய்ந்துவிட்டது என்போம் இல்லையா, ஏறக்குறைய அந்தத் தோற்றம்.

> குருத்தணு (ஸ்டெம் செல்), குருத்தெலும்பு இரண்டோடும் குழம்பாதா?

நியாயமான கேள்வி. டிபிபி மரபணு உண்டாக்கும் புரதம், அதற்கும் டிபிபி என்றே பெயர், நம் உடலில் உள்ள பிஎம்பி என்னும் எலும்பு வளர்க்கும் புரதங்களின் உறவு. 1993-இல் ஈயின் இந்தப் புரதத்தை எலியின் தோலடியில் வைத்துப் பார்த்தார்கள், எலும்பு உண்டானது. (ஈக்கு எலும்பே கிடையாது!) அதை எழுதிப் பார்த்தேன்: 'ஈயின் சிறகுக் குருத்தை வளர்க்கும் புரதம், எலியில் முதலில் குருத்தெலும்பையும் பிறகு எலும்பையும் உண்டாக்கியது.' எனக்குத் தடுக்கவில்லை. முன்னால் உறுப்பின் பெயர் நிற்கும்வரை குழப்பம் வராது, தனியாகக் 'குருத்து' என்று விட்டால் வரும். ஆகவே பொதுச்சொல்லாக வரும் இடங்களில் 'உறுப்புக் குருத்து' என்று எழுதலாம்.

மரபணுவின் பெயரைப் 'பதினைந்துமுடக்கி' என்று தமிழாக்கியதை ரசித்தேன். ஆனாலும் வேண்டாம். அது ஆள் பெயர் மாதிரி. முதல் தடவை பொருளைச் சொல்லிவிட்டு டிபிபி என்றே போவோம்.

வரைவில் டிபிபியை 'வளர்ச்சிக் காரணி' என்றிருப்பது மட்டும் பாதிதான் சொல்கிறது. கருமுட்டையில் டிபிபிக்கு வேலை வளர்ப்பது அல்ல, எது முதுகுப்பக்கம் என்று தீர்மானிப்பது. சிறகுக் குருத்திலோ நடுவில் ஒரு கோடாகச் சுரந்து இரு பக்கமும் பரவுகிறது. செறிவு கூடிய இடத்தில் ஸ்பால்ட் மரபணு விழிக்கும், செறிவு குறைந்த தூரம் வரைக்கும் ஓஎம்பி என்ற இன்னொரு மரபணு விழிக்கும். செல்லுக்கு 'நீ எங்கே நிற்கிறாய்' என்று சொல்லும் இப்படிப்பட்ட பொருளுக்குத்தான் மார்ஃபோஜென் என்று பெயர், 1952-இல் டூரிங் உண்டாக்கிய சொல். அதற்கான தமிழ்ச்சொல்லைத் தனி இழையில் பேசலாம், இங்கே இழுத்தால் இதுவும் முடியாது, அதுவும் முடியாது.

வரைவில் 'வட்டு' வந்த இடங்களை எல்லாம் மாற்றிவிட்டேன். ஹால்டியர் மட்டும் அப்படியே நிற்கிறது. பின்சிறகு குறுகிக் குமிழாகி, பறக்கும்போது சமநிலை காக்கும் உறுப்பு அது. 'சமன்குமிழ்' சரிப்படுமா?