புதுப்பிப்பு: கூட்டுக் கிணத்து மோட்டர் தண்ணி இழுக்காமல் விட்ட பிரச்சினை தீர்ந்தது

பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: கிளிநொச்சியில 3 காணிக்குப் பொதுக் கிணறு, மோட்டர் 10 நிமிசத்தில தண்ணி இழுக்காமல் விட்டிடும், "கடைசியாப் பாவிச்சவர்தான் பழுதாக்கினவர்" எண்டு சண்டை.

"ஆளை விட்டிட்டுக் குழாய்ப் பொருத்தைப் பாருங்கோ" எண்ட யோசனைதான் சரிவந்தது. மோட்டர் ஓடேக்க, தண்ணி இழுக்கிற குழாயின்ர பொருத்துகளில சவர்க்கார நுரை தடவினம். வளைவுப் பொருத்தில நுரை உள்ள இழுபட்டுது. குமிழ் வருமெண்டு பாக்காதேங்கோ. அந்தப் பக்கம் ஊதாது, உறிஞ்சும். கழட்டி, மரையில டேப் 10 சுத்துச் சுத்தி இறுக்கினம்.

எதிர்பாராதது: அரை மணித்தியாலத்தால திரும்பவும் விட்டுது. ஆவணி வறட்சி, இறைக்க இறைக்க நீர்மட்டம் மோட்டரிலயிருந்து 23 அடியில நிண்டது 27 அடிக்கு இறங்குது. மேல வச்சு இழுக்கிற மோட்டருக்கு 25 அடியே கஷ்டம். கிணத்துக்குள்ள தட்டு அடிச்சு மோட்டரை 8 அடி இறக்கினாப்பிறகு நிக்காமல் ஓடுது. இறக்கிறது கரண்ட் மோட்டரை மட்டும். எண்ணெய் மிசின் எண்டால் புகை ஆளைக் கொல்லும்.