வேல்ஸ் நாட்டு மாளிகை ஒன்றின் சிலேற் கூரை: கணக்கு எங்க பிழைக்குது?

புளியந்தீவு வரைஞர்:
மட்டக்களப்பில் கட்டிட வரைபடம் படிக்கிறன். பழைய கட்டிடம் ஒன்றைக் குறுக்குவெட்டோட வரைஞ்சு, கூரைச் சாமான் கணக்கும் எடுக்கவேணும். நான் தெரிவு செய்தது வட வேல்ஸில் லங்கெர்னியூ கிராமத்துக்குப் பக்கத்தில இருக்கிற ஹவொடினோஸ் மாளிகை. ஜோர்ஜ் கில்பர்ட் ஸ்கொட் வடிவமைச்சு 1861க்கும் 1866க்கும் இடையில கட்டினது.

20க்கு 10 அங்குல சிலேற் (கூரைக்குப் போடுற மெல்லிய கற்பலகை), 3 அங்குல மேற்படிவு (ஒன்றின் மேல ஒன்று மூடுற அளவு) எண்டு வைச்சு, 100 சதுர அடிக்கு 72 சிலேற் எண்டு கணக்கு வருது. பாடம் எடுக்கிறவர் பிழை எண்டு சொல்லிட்டார். படத்தில கூரை ஏழெட்டுத் துண்டா உடைஞ்சு நிக்குது, தண்ணி எங்கால போகுதெண்டும் விளங்கல்ல. அவ்வளவு தடிப்புச் சுவர் உள்ள வீடு பூட்டிக் கிடந்த கொஞ்சக் காலத்தில ஏன் அப்படி உக்கினது?

கைமரம்:
தங்கச்சி, நீங்க பரப்பை ஒரு சிலேற்றின்ர முழுப் பரப்பால பிரிச்சிருக்கிறீங்க. நம்மட ஓடு ஒன்றோடொன்று கொளுவி நிக்கும். சிலேற்றுக்குக் கொளுவலே இல்லை, தட்டையான கல்லு. இரண்டு சிலேற்றுக்கு நடுவில இருக்கிற இடுக்கால இறங்கிற தண்ணியைக் கீழ இருக்கிற மற்றச் சிலேற்தான் பிடிக்கவேணும். அதனால ஒவ்வொரு வரிசையும் தனக்கு அடுத்த கீழ் வரிசையை மட்டுமில்ல, அதற்கும் கீழ உள்ளதின்ர தலையையும் 3 அங்குலம் மூடும். கூரையில எங்க கை வைச்சாலும் ஆகக் குறைஞ்சது இரண்டு தட்டு.

வெளியில தெரியிற உயரம்: 20இல 3 போக 17, அதில பாதி எட்டரை அங்குலம். எட்டரையைப் பத்தால பெருக்க 85 சதுர அங்குலம். 100 சதுர அடி 14,400 சதுர அங்குலம், பிரிச்சா ஏறக்குறைய 170 சிலேற். உடைவுக்கு மேலதிகமாப் போடுங்க. சிலேற்றை ஆணி அடிக்கிற மரச் சலாகையும் எட்டரை அங்குலத்துக்கு ஒன்று.

அடுத்த பிழை இதைவிடப் பெருசு. தரைப்படத்தில அளந்த பரப்பை அப்படியே போடக்கூடாது. சரிவு 50 பாகையா இருந்தா 1.556ஆல பெருக்கவேணும், தரைப்படத்தின் 100 சதுர அடிக்கு 170 போதாது, 264 கிட்ட வரும். இந்த வீடு மாதிரிக் கோதிக் பாணிக் கட்டிடங்களின்ர கூரை எல்லாம் கடும் சரிவு, இந்த இடத்திலதான் கணக்கு கவிழும்.

வரையக்குள்ள இடுக்குகளை மேலிருந்து கீழ நேர்கோடா இழுக்காதீங்க. ஒன்றுவிட்ட வரிசை 15 அங்குல அகலமான ஒன்றரைச் சிலேற்றோட தொடங்கும். கூரைவிளிம்பில அடிவரிசைக்குக் கீழ பதினொன்றரை அங்குலக் குட்டைச் சிலேற் ஒன்று இருக்கும். அதை விட்டா முதல் வரிசை இடுக்கால தண்ணி நேரே உள்ளுக்கு.

ஓடாவி வீதி:
கைமரம் சொன்னதோட ஆணியையும் சேருங்க. சிலேற்றுக்கு இரண்டு ஆணி, செம்பு நல்லம். இரும்பு ஆணி போட்ட கூரையில கல்லு நூறு வருஷத்துக்கும் மேல நிக்கும், ஆணி துருவேறி அறுந்து கல்லு வழுக்கி விழும். வழுகின ஒன்றை மாத்திறதுக்கு நீளமான தட்டைத் தகட்டு ஆயுதம் இருக்கு. மேல் சிலேற்றுக்கு அடியால அதைச் செருகி, நுனிக் கொக்கியை ஆணியில மாட்டி, பிடியில தட்டி ஆணியை அறுப்பாங்க. புதுச் சிலேற்றுக்கு ஆணி அடிக்க இடம் இருக்காது, மேல் வரிசை மூடிப்போடும். அதனால இடுக்கில ஈயப் பட்டி ஒன்றை அடிச்சு, சிலேற்றை உள்ள தள்ளி, பட்டியின்ர வாலைக் கீழ்விளிம்பில மடக்கி விடுவாங்க. பழைய வீட்டுப் படங்களில சிலேற் அடியில சின்ன நாக்கு மாதிரித் தெரியிறது அதுதான்.

தண்ணிக் கேள்வி: நம்மட பழைய வீடுகளில கூரை நீண்டு இறங்கித் தண்ணியை முற்றத்தில எறிஞ்சு விடும். அங்க முக்கோண முகப்பும் பக்கச் சரிவும் சந்திக்கிற பள்ளம் ஒவ்வொன்றிலும் ஈயத் தகடு விரிச்சுத் தண்ணியைக் கூட்டிச் சேர்க்கவேணும். ஈயம் வெயிலுக்கு நீண்டு குளிருக்குச் சுருங்கும். ஒரே துண்டா நீளமாப் போட்டா சில வருஷத்தில குறுக்கால வெடிக்கும். துண்டு துண்டாப் போட்டு, மேல் துண்டு கீழ்த் துண்டின்ர தலையை மூடும்படி விடுவது அதனாலதான். குறுக்குவெட்டில இந்த மேற்படிவு தெரியவேணும்.

பள்ளத்தில இலை அடைச்சா தண்ணி பின்னால ஏறி, சுவரில புதைஞ்சிருக்கிற மர நுனியில இறங்கும். தடிப்புச் சுவர் அதைக் காக்காது; ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். மரத்தின் ஈரம் 20 வீதத்துக்கு மேல போய், காற்றோட்டமும் இல்லாட்டி உலர் உக்கல் பூஞ்சணம் பிடிக்கும். பெயர்தான் உலர். இது செங்கல், சாந்துக்குள்ளாலயும் நூல் விட்டு அடுத்த மரத்துக்குத் தாவும். சுமார் 20 பாகை செல்சியஸ் அதுக்குச் சுகம், நம்மட வெக்கையில வளராது. நமக்குக் கறையான் போதும்.

ஹவொடினோஸ் பாடசாலையா, பிறகு முதியோர் இல்லமா இருந்து 1990களில பூட்டப்பட்டது. கவனிப்பில்லாமல் உக்கிக்கொண்டிருக்கக்குள்ளதான் 2004 ஒக்டோபரில தீ வைக்கப்பட்டு நடுக்கட்டிடம் எரிஞ்சது. எரிவுக்கு முந்தின கூரையை வரையிறீங்களா, பிந்தினதையா எண்டு படத்தில எழுதுங்க.

நாவற்குடா வாசகி:
ஒரு குறிப்பு. தரைப்படம் வரையக்குள்ள வேலைக்காரர் பகுதியைச் சும்மா பெட்டியா விடாதீங்க. விக்டோரியா கால மாளிகையில பாதி வீடு அதுதான்: குசினி, பாத்திரம் கழுவும் அறை, சலவை, தனிப் படிக்கட்டு. சாப்பாட்டு மணமும் வேலைக்காரரும் விருந்தாளி கண்ணில, மூக்கில படக்கூடாதெண்டுதான் குசினிக்கும் சாப்பாட்டு அறைக்கும் இடையில அவ்வளவு நடை. புகைபோக்கிகளை எண்ணினா எந்தெந்த அறையில அடுப்பு இருந்ததெண்டு ஊகிக்கலாம்.

காசு எங்கிருந்து எண்டதையும் ஒரு வரி எழுதுங்க. கட்டுவிச்ச ஹென்றி ரொபேட்சன் சான்ட்பாக், லிவர்பூல் வணிகக் குடும்பம். அந்தச் செல்வத்துக்கு அடி, தென் அமெரிக்காவில இப்ப கயானா நாட்டில உள்ள டெமராராவில் அடிமைகள் விளைவிச்ச சீனி.

புளியந்தீவு வரைஞர்:
நன்றி அண்ணன்மார், அக்கா. 264 எண்டு திருத்திட்டன். சுவர்ப் பூச்சுக்குச் சீமெந்துக் கலவை எண்டு எழுதலாமா?

கைமரம்:
வேணாம். சுண்ணாம்புச் சாந்து எண்டு எழுதுங்க. சுண்ணாம்பு ஈரத்தை வெளியில விடும். செங்கல் இடுக்கில சீமெந்து அடைச்சா ஈரம் செங்கல்லாலதான் வெளியேறும், அங்க உறைபனி பிடிச்சு முகம் உதிரும். நம்மட வாவிக்கரைப் பழஞ்சுவர்களில அதே வேலையை உப்புச் செய்யுது.