உதவி: "60 கல் குறைகிறது" என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? டெஃபிசிட்டா, ஷார்டேஜா, ஷார்ட்ஃபாலா?

பட்டறைக் கணக்கு, காரைக்குடி:
எல்லோருக்கும் வணக்கம். ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் டைல்) செய்யும் ஒரு பட்டறையில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்பு. வெளியூர் ஆர்டர் எல்லாம் இப்போது மெயிலில்தான் வருகிறது, அதுவும் ஆங்கிலத்தில். பெங்களூரு பார்ட்டி ஒருவர் 10 அங்குலப் பூக்கல் 1,200 கேட்டிருந்தார். ஐப்பசி மழையில் கல் காயாமல் 1,140தான் தேறியது. அதை லாரியில் ஏற்றிவிட்டு, முதலாளி சொன்னபடி "தேர் இஸ் எ டெஃபிஷியன்சி இன் சிக்ஸ்டி டைல்ஸ்" என்று மெயில் போட்டோம். 60 கல்லில் என்ன பழுது, படம் எடுத்து அனுப்புங்கள், மீதியையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் பணம் என்று பதில் வந்திருக்கிறது. கல்லில் ஒரு பழுதும் இல்லை. எண்ணிக்கைதான் குறைவு.

இதைச் சரிசெய்து இன்றே மெயில் போட வேண்டும். கூடவே இன்னும் சில இடங்களிலும் இதே குழப்பம் வருகிறது: பார்ட்டி அனுப்பிய பணத்தில் 6,000 ரூபாய் குறைகிறது, மணல் கிடைக்கவில்லை, இந்த மாதம் வரவைவிடச் செலவு அதிகம். நான்குக்கும் ஒரே சொல் போதுமா, தனித்தனியா?

ஆங்கில ஆசிரியர், தேவகோட்டை:
தனித்தனிதான் அம்மா. முதலில் அவர்கள் ஏன் பழுது என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பார்ப்போம். டெஃபிஷியன்சி என்றால் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று உள்ளுக்குள் இல்லை என்று பொருள். உடம்பில் இரும்புச்சத்துக் குறைபாடு 'அயர்ன் டெஃபிஷியன்சி'. அப்புறம் "இன் சிக்ஸ்டி டைல்ஸ்" என்று எழுதியதால், அந்தக் குறைபாடு 60 கல்லுக்கு உள்ளேயே இருப்பதாக வாக்கியம் சொல்கிறது. படிப்பவர் மேல் தப்பு இல்லை. போதாததற்கு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாட்டுக்கு இதே சொல்தான் இருக்கிறது. வியாபாரக் கடிதத்தில் சும்மா எழுதிவிடக் கூடிய சொல் இல்லை இது.

உங்களுக்கு வேண்டியது ஷார்ட்ஃபால். இவ்வளவு வர வேண்டும், இவ்வளவுதான் வந்தது, இடையில் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அது. "தேர் இஸ் எ ஷார்ட்ஃபால் ஆஃப் சிக்ஸ்டி டைல்ஸ்." இன்னும் எளிதாக, "தி கன்சைன்மென்ட் இஸ் சிக்ஸ்டி டைல்ஸ் ஷார்ட்." அதை ஈடுகட்டுவோம் என்பதற்கு "வீ வில் மேக் அப் தி ஷார்ட்ஃபால்."

மாணவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. பற்றாக்குறை என்று யோசித்தால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். பத்திரிகையில் தண்ணீருக்கும் பற்றாக்குறை, பணத்துக்கும் பற்றாக்குறை. அதை விட்டுவிட்டு வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று பாருங்கள். மணலுக்குத் தட்டுப்பாடு என்பீர்கள், அது ஷார்டேஜ்: ஊருக்கே கிடைக்கவில்லை. சத்துக் குறைபாடு, அது டெஃபிஷியன்சி. மாதக் கணக்கில் துண்டு விழுகிறது என்பீர்கள், அது டெஃபிசிட். எண்ணிப் பார்த்தால் இத்தனை குறைகிறது என்றால் ஷார்ட்ஃபால். தமிழில் நீங்கள் ஏற்கெனவே பிரித்துத்தான் பேசுகிறீர்கள்.

கண்டாங்கிக் கடை, காரைக்குடி:
ஐயா, ஒரு சந்தேகம். அகராதியில் டெஃபிசிட் என்றாலும் தேவையைவிடக் குறையும் அளவு என்றுதானே இருக்கிறது? "டெஃபிசிட் ஆஃப் சிக்ஸ்டி டைல்ஸ்" ஏன் கூடாது? நெசவாளரிடம் 40 சேலைக்குச் சொல்லி 33 வந்தால் நான் அப்படித்தான் எழுதி வருகிறேன்.

ஆங்கில ஆசிரியர், தேவகோட்டை:
இலக்கணப்படி தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் டெஃபிசிட் பெரும்பாலும் இரண்டு பக்கத்தைக் கழித்துப் பார்க்கும் இடத்தில் வரும். அரசின் வரவு செலவு, ஏற்றுமதி இறக்குமதி, ஆட்டத்தில் எத்தனை கோல் பின்தங்கி இருக்கிறோம் என்பது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கே 'குறைகிறது' என்றுதான் பொருள். சேலை, கல், மூட்டை மாதிரி எண்ணிக் கொடுக்கும் சரக்குக்கு டெஃபிசிட் போட்டால் ஏதோ பட்ஜெட் படிப்பது போல இருக்கும். 'செவன் சாரீஸ் ஷார்ட்' என்று எழுதுங்கள், யாருக்கும் ஐயம் வராது.

விவசாயம், திருப்பத்தூர் பக்கம்:
மழைக்கும் டெஃபிசிட் வரும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வானிலைத் துறை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வழக்கமான மழை இவ்வளவு என்று வைத்திருக்கிறது. அதிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் 'நார்மல்'. குறைவு 20 முதல் 59 சதவீதம் வரை போனால் 'டெஃபிசியன்ட்'. எங்கள் பக்கம் கண்மாய் நிரம்புவது வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான், அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருப்போம். மழை டெஃபிசிட் ஆனால், பின்னாலேயே தண்ணீர் ஷார்டேஜ் வரும். இரண்டும் வேறு வேறு என்பது எங்களுக்கு அப்படித்தான் புரிந்தது.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கானாடுகாத்தான்:
அந்த 6,000 ரூபாயைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சொல்லைத் தேடும் முன்னால் கணக்கைப் பாருங்கள் அம்மா. கல் பதித்துக் கொடுக்கும் வேலையும் சேர்ந்த பில் என்றால், பார்ட்டி டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே வருமான வரிக்காகப் பிடிக்கும் தொகையைப் பிடித்திருக்கலாம். அது உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கும், பாக்கி ஆகாது. அதைக் கேட்காமல் "ஷார்ட்ஃபால் இன் பேமென்ட்" என்று எழுதினால் மனக்கசப்புதான் மிஞ்சும். முதலில் "கைண்ட்லி கன்ஃபர்ம் வெதர் டிடிஎஸ் ஹாஸ் பீன் டிடக்டட்" என்று கேளுங்கள். இல்லை என்று வந்தால் "தி பேமென்ட் இஸ் ஷார்ட் பை சிக்ஸ் தவுசண்ட் ருப்பீஸ்" என்று எழுதலாம்.

செட்டிநாட்டில் பழைய வட்டிக்கடைப் பேரேடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஐந்தொகை போட்டு நேராகும்வரை கணக்குப்பிள்ளை பேனாவைக் கீழே வைக்க மாட்டார். குறைவு எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகுதான் எதையும் எழுதுவார்கள். மெயிலுக்கும் அந்த முறை நல்லது.

பட்டறைக் கணக்கு, காரைக்குடி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. எங்கள் பில்லில் பதிக்கும் கூலியும் இருக்கிறது, அதனால் டிடிஎஸ் பற்றித் தனியாகக் கேட்கிறேன். கல் பற்றிய மெயிலை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"தேர் இஸ் நோ டிஃபெக்ட் இன் தி டைல்ஸ். வீ ஹாவ் சென்ட் 1,140 டைல்ஸ் அகெய்ன்ஸ்ட் யுவர் ஆர்டர் ஆஃப் 1,200. வீ ஷார்ட்ஃபால்டு பை 60 டைல்ஸ் ட்யூ டு ரெயின். வீ ஆர் லாக்கிங் ஆஃப் ட்ரை டேஸ். வீ வில் மேக் அப் தி ஷார்ட்ஃபால் இன் டென் டேஸ்."

ஆங்கில ஆசிரியர், தேவகோட்டை:
முதல் இரண்டு வரியும் கடைசி வரியும் அப்படியே இருக்கட்டும். ஷார்ட்ஃபால் பெயர்ச்சொல், அதை வினையாக்க முடியாது. வினை வேண்டுமானால் "வீ ஃபெல் ஷார்ட் பை 60 டைல்ஸ்." 'லாக்' வினையாக வரும்போது பின்னால் 'ஆஃப்' கிடையாது, பெயர்ச்சொல்லாக வந்தால் மட்டும் 'லாக் ஆஃப்'. அந்த வரியையே எடுத்துவிடுங்கள், மழை என்று முன்னாலேயே சொல்லியாயிற்று.

இன்னொன்று. கையால் கலக்கும் நிறம் ஒரு தடவைக்கு மறு தடவை சற்று மாறும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பிறகு வரும் 60 கல் அதே நிறத்தில் இருக்குமா என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

பட்டறைக் கணக்கு, காரைக்குடி:
மாறும் ஐயா, உண்மைதான். அவர்கள் ஆர்டருக்குக் கலந்த கலவையில் மீதம் எடுத்து வைத்திருக்கிறோம், 60 கல்லுக்குக் காணும். அதையும் ஒரு வரியாகச் சேர்த்து இப்போதே அனுப்பிவிடுகிறேன்.