மில்டன் புயல் ஃப்ளோரிடாவுல டாம்பா பக்கம் வருது: ஏ, பி மண்டலத்துல இருக்கிறவங்க கவனிங்க

திங்கள், அக்டோபர் 7, 2024

கண்ணன், இரவு 8:52
ஹில்ஸ்பரோ கவுண்டியில ஏ, பி ரெண்டு வெளியேற்ற மண்டலமும் கட்டாயம் காலி பண்ணணும்னு சொல்லிட்டாங்க. நாங்க அப்பல்லோ பீச், ஏ. அட்லாண்டா பக்கம் போயிடலாமான்னு யோசனை. ஆனா ஐ-75 மேப்ல முழுக்க சிவப்பா இருக்கு. அப்பா அம்மா வேற ஊர்லேருந்து வந்திருக்காங்க. போறதா இருக்கிறதா, யாராவது சொல்லுங்க.

ஆனந்த், 8:55
8 மணி அறிக்கை பார்த்தீங்களா? காத்து மணிக்கு 180 மைல், அழுத்தம் 897 மில்லிபார். ஆனா கரைக்கு வர்றதுக்குள்ள 3ஆம் வகைக்கு இறங்கிடும்னும் கணிப்பு இருக்கே. அப்புறம் எதுக்கு இவ்வளவு கெடுபிடி?

செந்தில், 9:01
வகைங்கிற நம்பர் காத்துக்கு மட்டும்தான் ஆனந்த், தண்ணிக்கு இல்ல. 180ல சுத்தும்போது எழும்புன தண்ணி காத்து குறைஞ்சதும் அடங்கிடாது. அதோட, வேகம் குறையுறப்போ புயல் அகலமாகும். இன்னும் நீளமான கரையில தண்ணியைத் தள்ளும். டாம்பா வளைகுடாவோட சராசரி ஆழமே 12 அடிதான். தள்ளி வர்ற தண்ணிக்குக் கீழ போக இடம் கிடையாது, மேலதான் ஏறும்.
தண்ணி 10லேருந்து 15 அடி ஏறும்னு போட்டிருக்கிறது கடல் மட்டத்துலேருந்து இல்ல, தரையிலேருந்து. உங்க வீட்டு சீலிங் எவ்வளவு உயரம்? 9 அடி இருக்குமா?

கண்ணன், 9:03
🙏 அண்ணா, எங்க ஃப்ளட் இன்ஷூரன்ஸ் பேப்பர்ல எக்ஸ் மண்டலம்னு இருக்கு, ஆபத்து கம்மின்னு. கவுண்டி ஏ-ங்குது. எதை எடுத்துக்கிறது?

செந்தில், 9:06
கவுண்டி சொல்றதை. அது ரெண்டும் வேற வேற. இன்ஷூரன்ஸ் மண்டலம் வீட்டுக் கடனுக்கு ஃப்ளட் இன்ஷூரன்ஸ் கட்டாயமான்னு பார்க்கிறதுக்கு, நூறு வருஷத்துல ஒரு தடவை வர்ற வெள்ளக் கணக்கு. வெளியேற்ற மண்டலம் கடல் தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு பார்த்துப் போடுறது. இன்ஷூரன்ஸ்ல எக்ஸ், வெளியேற்றத்துல பி-ன்னு நிறைய வீடு இருக்கு. கவுண்டி தளத்துல முகவரி போட்டா வரும். பக்கத்து பினெல்லாஸ் கவுண்டியில ஏ, பி, சி மூணும் கிளம்பணும். மொபைல் ஹோம்னா, அதாவது இழுத்துட்டு வந்து வைக்கிற வீடுன்னா, ரெண்டு கவுண்டியிலயும் எந்த மண்டலமானாலும் கிளம்பணும்.

பாலாஜி, 9:10
ஃபார்வர்டு செய்யப்பட்டது: புதுசா வந்த மாடல் ரன் தெற்கே சரசோட்டாவுக்குக் கீழ காட்டுது!! டாம்பா தப்பிச்சாச்சு!!

செந்தில், 9:17
பாலாஜி, ஒரே ஒரு ரன்னை, அதாவது ஒரு கம்ப்யூட்டர் கணிப்பை வெச்சுப் பேசாதீங்க. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறும். கூம்பு மாதிரி போடுற கோன் படமும் புயலோட மையம் போற பாதையைத்தான் காட்டுது, அதுவும் மூணுல ரெண்டு தடவைதான் மையம் அதுக்குள்ள இருக்கும். எவ்வளவு அகலம் அடிக்கும்னு அதுல இல்லவே இல்ல.
நமக்கு எல்லாமே 20, 30 மைல் வித்தியாசத்துல இருக்கு. புயல் இடஞ்சுழியா சுத்தும். கண் நமக்கு வடக்கே ஏறுனா கடல்காத்து முழுக்க வளைகுடாவுக்குள்ள தண்ணியைத் தள்ளும். தெற்கே ஏறுனா காத்து நிலத்துலேருந்து கடலுக்கு அடிக்கும், வளைகுடா வத்தும். 2022ல இயான் புயல் டாம்பாவுக்குத்தான் வருதுன்னு இருந்தது, கடைசியில தெற்கே திரும்பி ஃபோர்ட் மயர்ஸ் பீச்சைப் போட்டுத் தாக்குச்சு. இங்க வளைகுடாவுல தரை தெரிஞ்சுது. போன மாசம் ஹெலீன் புயல் நமக்கு 100 மைலுக்கு மேல மேற்கே கடல்லயே போச்சு, அதுக்கே எத்தனை வீட்டுல தண்ணி. புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் திரும்புமா திரும்பாதான்னு தெரியாது. தெரியுற நேரத்துல ரோட்டுல போக முடியாது.

மாலா, 9:20
கண்ணா, அட்லாண்டா எதுக்குப்பா? 450 மைல். வெஸ்லி சாப்பல் வந்துடு. எங்க தெரு எந்த வெளியேற்ற மண்டலத்துலயும் இல்ல. 2002க்கு அப்புறம் வந்த பில்டிங் கோடு படி கட்டுன வீடு, கான்கிரீட் பிளாக், எல்லா ஜன்னலுக்கும் ஷட்டர் இருக்கு. ரெண்டு ரூம் காலி. அப்பா அம்மாவை 12 மணி நேரம் கார்லயே உட்கார வெச்சுக்கிட்டுப் போகாத.

செந்தில், 9:22
அதேதான். இங்க சொல்றது: தண்ணின்னா ஓடணும், காத்துன்னா ஒளியணும். தண்ணி ஏறாத மேட்டுல, புதுசா கட்டுன உறுதியான வீடு 30, 40 மைல்ல இருந்தா அது போதும். ஊரே ஜார்ஜியாவுக்குக் கிளம்புனா பெட்ரோல் தீர்ந்து போய் ஐ-75 ஓரத்துலயே புயலைப் பார்க்கணும். மாலாக்கா வீட்டுக்கு அரை டேங்க் தாராளம். ஆனா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துடுங்க.

ஆனந்த், 9:26
நான் செயின்ட் பீட் டவுன்டவுன், 3ஆம் மாடி, கான்கிரீட் கட்டடம். தண்ணி 3ஆம் மாடிக்கு வராதே?

செந்தில், 9:31
வராது. ஆனா கீழ லிஃப்ட் மோட்டார், தண்ணி பம்ப், கரன்ட் ரூம் எல்லாம் முங்கிடும். ஹெலீன் சமயத்துல உங்க ஊர் வடகிழக்குக் கழிவுநீர் நிலையத்தையே நிறுத்தி வெச்சாங்க, ஃப்ளஷ் பண்ணாதீங்கன்னு சொன்னாங்க. காத்து ஒரு அளவுக்கு மேல போனா ஆம்புலன்ஸ், தீயணைப்பு எதுவும் வராது, காத்து நிலையா 40 மைலுக்கு மேல போனா ஸ்கைவே பாலத்தையும் மூடிடுவாங்க. உயிருக்கு ஆபத்து இல்லாட்டியும் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். கிளம்புங்க.

பிரியா, 9:40
பார்மசியிலேருந்து. அவசரநிலை அறிவிச்சிருக்கிறதால மாத்திரை முடியாட்டாலும் 30 நாளைக்கு ரீஃபில் தருவாங்க, இன்ஷூரன்ஸும் மறுக்கக் கூடாது. நாளைக்குக் காலையில கடை திறந்ததும் போங்க, மத்தியானம் மூடிடலாம்.
கண்ணன், அப்பா இன்சுலின் போடுறாரா? பிரிக்காத பேனா ஐஸ் பேக் வெச்ச பையில, ஐஸ் நேரா படாம துணி சுத்தி வைங்க. உறைஞ்சா அந்த மருந்து வீண். உபயோகத்துல இருக்கிறது 30 டிகிரி செல்சியஸுக்குள்ள வெளியவே இருக்கலாம், பெரும்பாலான வகை 28 நாள் வரைக்கும். அவங்க மருந்து ஊர்லேருந்து கொண்டு வந்ததுன்னா ரீஃபில் வழி கிடையாது, பிராண்டு பேர் இல்லாம மருந்துப் பேரை எழுதி வெச்சுக்குங்க.

மாலா, 9:44
எல்லாரும் பாஸ்போர்ட், ஐ-797 (விசா ஒப்புதல் கடிதம்), கிரீன் கார்டு, பிறப்புச் சான்றிதழ் ஜிப் கவர்ல போட்டு கையோட எடுத்துட்டு வாங்க. விசா ஸ்டாம்பிங் இருக்கிற பாஸ்போர்ட் நனைஞ்சா புதுசு வாங்குறது எவ்வளவு பாடுன்னு சொல்லவே வேண்டாம்.

செவ்வாய், அக்டோபர் 8

கண்ணன், காலை 6:35
சரி, வெஸ்லி சாப்பல் வர்றோம். கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுல என்ன பண்ணணும்?

செந்தில், 7:02
நேரத்தை எதுல செலவழிக்கணும்னா, முதல்ல வெளிய இருக்கிறது. நாற்காலி, தொட்டி, கிரில், குப்பைத் தொட்டி எல்லாம் கராஜுக்குள்ள. ஹெலீன் குப்பை தெருவோரம் இன்னும் கிடக்கு, அதுலயே நிறைய பறக்கப் போகுது.
ஜன்னல்: டேப் ஒட்டாதீங்க, ஒரு பிரயோஜனமும் இல்ல, கண்ணாடி பெரிய துண்டா உடையும், அவ்வளவுதான். பிளைவுட்னா 5/8 அங்குலம். உங்க வீடு பிளாக் வீடு, ஜன்னல் உள்தள்ளி இருக்கு, அதனால பலகையை இறுக்குற கிளிப் போதும். கிளிப் வாங்கும்போது பலகை தடிமன் பாருங்க, அரை அங்குலக் கிளிப்புல 5/8 பலகை நுழையாது. பலகையை இடைவெளியை விட கால் அங்குலம் குறைச்சு வெட்டணும். மெட்டல் பேனல் இருந்தா ஒன்னு மேல ஒன்னு ஏறுற மாதிரி, எல்லா இறக்கை நட்டும் போட்டு. ஒன்னு விட்டு ஒன்னு போட்டா தகரம் ஆடி ஆடி ஆணியைப் பிடுங்கும். கையுறை போடாம தொடாதீங்க, ஓரம் கத்தி.
கராஜ் கதவுதான் பலவீனமான இடம். அது உள்ள வாங்குனா காத்து புகுந்து கூரையை மேல தூக்கும். பிரேஸ் கம்பி இருந்தா இப்பவே மாட்டிடுங்க.
நீச்சல் குளத்தைக் காலி பண்ணிடாதீங்க. நிலத்தடி நீர் ஏறுனா காலிக் குளம் தொட்டியோட மேல கிளம்பி வரும். பம்ப் பிரேக்கரை மட்டும் ஆஃப் பண்ணுங்க.

கண்ணன், 7:05
மணல் மூட்டை வாங்கணுமா? வரிசை ரொம்ப நீளம்னாங்க.

செந்தில், 7:08
ஏ மண்டலத்துக்கு வேண்டாம். தர்றதே 10 மூட்டைதான், அது கதவடியில மழைத்தண்ணி ரெண்டு அங்குலம் வராம தடுக்க. 10 அடிக்கு அது என்ன பண்ணும்? அந்த நேரத்துல பொருளை மேல ஏத்துங்க. ஒவ்வொரு ரூமையும் அலமாரி திறந்து வீடியோ எடுங்க, ஃப்ரிட்ஜ், ஏசி சீரியல் நம்பரோட. புயலுக்கு டிடக்டிபிள் தனி, வீட்டு கவரேஜ்ல இத்தனை சதவீதம்னு இருக்கும். 2%னா 4 லட்சம் டாலர் கவரேஜுக்கு முதல் 8,000 நம்ம கைக்காசு. புதுசா ஃப்ளட் பாலிசி போடலாம்னு நினைக்காதீங்க, 30 நாள் கழிச்சுத்தான் நடப்புக்கு வரும்.
கடைசியா மெயின் பிரேக்கர் ஆஃப். உப்புத்தண்ணி புகுந்த வயர்ல கரன்ட் திரும்ப வந்தா தீப்பிடிக்கும்.

பாலாஜி, 7:15
டெஸ்லா கராஜ்ல இருக்கு. அப்படியே விட்டுட்டு வேனை மட்டும் எடுத்துட்டு வரலாமா?

செந்தில், 7:17
கூடவே கூடாது. உப்புத்தண்ணியில முங்குன லித்தியம் பேட்டரி நாள் கணக்குல கழிச்சுக்கூட எரியும், ஹெலீனுக்கு அப்புறம் நடந்திருக்கு. காரை மேட்டுக்குக் கொண்டு வாங்க. எலக்ட்ரிக் ஸ்கூட்டர், பிள்ளைங்க ஹோவர்போர்டும் சேர்த்து.

மாலா, 7:30
சாப்பாடு நான் பார்த்துக்கிறேன். கரன்ட் போனா நம்ம எலக்ட்ரிக் அடுப்பு போச்சு, அதனால இன்னிக்கே புளியோதரை நல்லெண்ணெய் தாராளமா விட்டுக் கிளறிடுறேன், ரெண்டு நாள் தாங்கும். அவல், பொரி, சப்பாத்தி இருக்கு. மாவு கரைச்சு வெச்சிருக்கிறவங்க இன்னிக்கே ஊத்தி முடிங்க. தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அஞ்சு நாளைக்குக் கொண்டு வாங்க. இங்க பாத்டப் ரெண்டையும் நிரப்பிட்டேன், அது ஃப்ளஷ்ஷுக்கு மட்டும்.

ஆனந்த், 10:48
பிளைவுட் எங்கயும் இல்ல. மூணு பங்க்ல பெட்ரோலும் இல்ல. கால் டேங்க் இருக்கு, பாலம் தாண்டி வந்துடுவேன்.

மாலா, 10:50
வாப்பா. ஃப்ரிட்ஜ்ல கறி, மீன் எதையும் விட்டுட்டு வராத.

வியாழன், அக்டோபர் 10

பாலாஜி, காலை 8:05
புயல் சரசோட்டா பக்கம் சியஸ்டா கீயில கரையேறிடுச்சு. வளைகுடாவுல தண்ணி வத்தித்தான் போச்சு. இப்ப வீட்டுக்குப் போகலாம்தானே?

செந்தில், 8:20
கவுண்டி சொல்ற வரைக்கும் போகாதீங்க. செயின்ட் பீட்ல 18 அங்குலத்துக்கு மேல மழை, குடிதண்ணியும் நிறுத்திட்டாங்க. ஆனந்த் இப்ப போயி ஒன்னும் ஆகப் போறதில்ல. அலஃபியா, ஹில்ஸ்பரோ ரெண்டு ஆத்துலயும் மேல பெய்ஞ்ச மழை இப்பதான் இறங்குது, ரிவர்வியூ பக்கம் இருக்கிறவங்களுக்குத் தண்ணி இனிமேதான். ரோட்டுல தண்ணி நின்னா வண்டியை விடாதீங்க, கம்பி அறுந்து உள்ள கிடக்கும்.
ஜெனரேட்டர் இரவல் வாங்குறவங்க வீட்டுலேருந்து 20 அடி தள்ளி, புகை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம். லனாய்ங்கிற வலை போட்ட திண்ணையும் கராஜும் வெளின்னு கணக்கு இல்ல. ட்ரையர் பிளக்ல ரெண்டு பக்கமும் முள் இருக்கிற வயரைச் சொருகி வீடு முழுக்கக் கரன்ட் கொடுக்காதீங்க, அது லைன்ல ஏறி வேலை செய்யுற ஆளைக் கொல்லும்.

கண்ணன், 8:26
பக்கத்து வீட்டுக்காரர் கேமரா வழியா பார்த்தார், உள்ள தண்ணி வரலையாம். மெயின் பிரேக்கரை எப்படிப் போடுறது?

செந்தில், 8:29
மீட்டர் பெட்டி சுவத்துலேருந்து பிடுங்கிக்கிட்டு நிக்குதான்னு முதல்ல வெளியிலேருந்து பாருங்க. நின்னா தொடாதீங்க, எலக்ட்ரீஷியன். நல்லா இருந்தா உள்ள எல்லா சின்ன பிரேக்கரையும் ஆஃப் பண்ணிட்டு மெயினைப் போட்டு, அப்புறம் ஒவ்வொன்னா. ஏசி கடைசியில, வெளிய இருக்கிற யூனிட்டுல குப்பை அடைச்சிருக்கான்னு பார்த்துட்டு.

மாலா, 8:33
கண்ணா, பெட்ரோல் இருக்கா? கப்பல் எல்லாம் டாம்பா துறைமுகத்துக்குத்தான் வருது, அது திறக்கிற வரைக்கும் பங்க்ல கிடைக்காது. இங்க கரன்ட் இன்னும் இருக்கு, மத்தியானம் சாப்பிட்டுட்டு எங்க வீட்டுக்காரர் வண்டியிலயே போங்க. அப்பா அம்மா இங்கயே இருக்கட்டும்.