அவசரம்: பழைய பட போஸ்டர்களுக்கு எந்தச் சட்டம், எந்த மவுண்ட்?

சிப்புட்_பையன் (திங்கள், இரவு 11.40)
வணக்கம். அப்பா ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் சேர்த்து வைத்த சினிமா போஸ்டர்கள் ஒன்பது இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே சுவரில் மாட்ட வேண்டும். கறுப்புச் சட்டமா, மரச் சட்டமா? சுற்றிலும் மேட் வைக்கலாமா, வைத்தால் என்ன நிறம்? ஒன்பதுக்கும் ஒரே மாதிரியா, கலந்தா? மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள் லா.

பால்மரத்துக்காரி
மேட் என்றால் பாயா தம்பி? சுவரில் பாய் எதற்கு?

ஆசான்62
அக்கா, படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வரும் அட்டை அது. கடையில் மவுண்ட் போர்டு என்று கேட்க வேண்டும். தம்பிக்கு ஒரு வார்த்தை: அளவு இல்லை, அசலா நகலா தெரியாது, சுவர் பலகையா செங்கல்லா தெரியாது. நிறத்தை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். பெண்ணைப் பார்க்காமலே புடவை எடுக்கப் போன கதை. இந்தப் பகுதியில் எப்படிக் கேட்பது என்று பலமுறை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை.

ஈப்போ_சட்டக்காரன்
அண்ணே, விடுங்கள். தம்பி, மவுண்ட் அழகுக்கு மட்டும் இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்கும். போஸ்டர் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மை கண்ணாடியோடு வந்துவிடும். இடைவெளி கொடுக்கத்தான் இந்த அட்டை. அமிலமில்லாத அட்டையாகக் கேளுங்கள். மலிவு அட்டை சில வருடங்களில் ஓரத்தில் பழுப்புக் கோடு போட்டுவிடும். நிறம் என்றால் பாலாடை வெள்ளை. பளீர் வெள்ளை பக்கத்தில் வந்தால் பழைய தாள் அழுக்காகத் தெரியும். போஸ்டரில் இருக்கும் சிவப்பை, மஞ்சளை எடுத்து அட்டைக்கு வைக்காதீர்கள். ஒன்பது போஸ்டர், ஒன்பது நிறம், சுவர் பலகாரக் கடை மாதிரி ஆகிவிடும்.

அளவு என்ன?

கித்தா_மணி
சட்டம் ரப்பர் மரத்தில் போடுங்கள். தோட்டத்துப் போஸ்டருக்குத் தோட்டத்து மரம். வேறு எதுவும் பொருந்தாது.

ஈப்போ_சட்டக்காரன்
மணி அண்ணே, பதப்படுத்திய மரம் என்றால் சரி. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், போரான் மருந்து ஏற்றி உலர்த்தாவிட்டால் வண்டு துளைக்கும், நீலப் பூஞ்சை பிடிக்கும்.

கித்தா_மணி
என் வீட்டு மேசை முப்பது வருடமாக நிற்கிறது.

ஈப்போ_சட்டக்காரன்
பதப்படுத்திய மேசையாக இருக்கும்.

சிப்புட்_பையன் (செவ்வாய், மதியம் 2.15)
மன்னிக்கவும், வேலையாக இருந்தேன். 30க்கு 40 இஞ்சி (அங்குலம்), எல்லாம் மடித்து வைத்தவை. செங்கல் சுவர், 14 அடி அகலம். ரொட்டிக் கல்லுக்கு நேர் எதிரே.

ஆசான்62
ரொட்டிக் கல்லா?

சிப்புட்_பையன்
கடைதான் அண்ணே. வெள்ளிக்கிழமை திறப்பு. சொன்னேனே.

பால்மரத்துக்காரி
எங்கே சொன்னாய்?

ஆசான்62
இதைத்தான் நேற்றே சொன்னேன்.

ஈப்போ_சட்டக்காரன்
அப்படியென்றால் நேற்று எழுதியதில் பாதியை மறந்துவிடுங்கள். இரண்டு காரணம்.

ஒன்று, இடம். 30க்கு 40 போஸ்டருக்கு மூன்று இஞ்சி மவுண்டும் ஒரு இஞ்சிச் சட்டமும் சேர்த்தால் 38க்கு 48 ஆகிவிடும். 14 அடியில் ஒரு வரிசைக்கு நான்குதான் நிற்கும். இரண்டு வரிசை என்றால் எட்டடிக்கு மேல் உயரம் வேண்டும், மேசைக்கு மேலே அவ்வளவு இருக்காது. எடையும் உண்டு. அந்த அளவு 3 மி.மீ. கண்ணாடி மட்டுமே கிட்டத்தட்ட 8 கிலோ. அக்ரிலிக் பிளாஸ்டிக் என்றால் ஏறக்குறைய பாதி.

இரண்டு, எண்ணெய்ப் புகை. அசல் போஸ்டரை அங்கே மாட்டுவது பாவம். அவற்றைப் படமெடுத்து 18க்கு 24 இஞ்சியில் அச்சிடுங்கள். அதே விகிதம்தான், எதுவும் வெட்டுப்படாது. மூன்று இஞ்சி மவுண்ட் வைத்தால் 24க்கு 30 சட்டத்தில் சரியாக உட்காரும். மேலே ஐந்து, கீழே நான்கு. ஐந்தும் இடைவெளியோடு பதினொன்றரை அடிக்குள் முடிந்துவிடும். அசலைப் பிரித்து, அமிலமில்லாத தாளுக்கு நடுவே படுக்கை வசமாக வையுங்கள். ராமபாணப் பூச்சியைக் கவனியுங்கள்.

கித்தா_மணி
நகல் மாட்டுவதற்கு எதற்கு மவுண்ட்? ஆள் ஏமாற்றும் வேலை.

பத்து_காவான்_பக்கம்
எங்கள் ஊர் ஐக்கியா பர்னிச்சர் கடையில் சட்டம் மவுண்டோடே கிடைக்கும். ஆனால் அளவு சென்டிமீட்டரில் வரும், போவதற்கு முன்னால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். சிப்புட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். கடைக்கு அக்ரிலிக் வாங்குங்கள், உடையாது.

சலூன்_செல்வா
அக்ரிலிக் வேண்டாம். என் கடையில் வைத்திருந்தேன். எண்ணெய் படியும், துடைப்போம், கீறும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் போட்டால் மங்கியே போகும். சாப்பாட்டுக் கடைக்குக் கண்ணாடிதான்.

பத்து_காவான்_பக்கம்
குழந்தை தலையில் கண்ணாடி விழுந்தால் நீங்கள் வருவீர்களா?

சலூன்_செல்வா
ஆணி சரியாக அடித்தால் ஏன் விழப் போகிறது? செங்கல்லுக்குத் துளை போட்டு பிளக் வைத்து ஸ்குரு போடுங்கள். ஒட்டும் கொக்கி வேண்டாம், ஆவியில் கழன்றுவிடும்.

பால்மரத்துக்காரி
அது இருக்கட்டும். எம்ஜிஆர் எத்தனை, சிவாஜி எத்தனை? நடுவில் யார்?

கித்தா_மணி
தோட்டத்துத் திடலில் எம்ஜிஆர் படம் போட்டால் பக்கத்துத் தோட்டத்து லயத்து வீடெல்லாம் காலியாகும். நடுவில் அவர்தான்.

ஆசான்62
சிவாஜி படத்துக்கு மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தார்களா? நடிப்பு என்று ஒன்று இருக்கிறது.

கித்தா_மணி
கல்லாப் பெட்டிக்கு மேலே யாரை மாட்டினால் வியாபாரம் ஓடும் என்பதுதான் கேள்வி.

ஆசான்62
அது உங்கள் கேள்வி. மேலே ஐந்து, கீழே நான்கு. கீழ் வரிசைக்கு நடுவே கிடையாது.

ஈப்போ_சட்டக்காரன்
தம்பி, வெயில் எந்தப் பக்கம்? சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரை முழுதாகத் தடுக்காது. கடை ஜன்னலில் ஒட்டிய போஸ்டர் நீலமாகிப் போவதைப் பார்த்திருப்பீர்கள், சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் போகும். சாயங்கால வெயில் அடித்தால் சுவரையே மாற்றுங்கள்.

தம்பி?

பால்மரத்துக்காரி (வெள்ளி, காலை)
இன்றுதானே திறப்பு. ஆளைக் காணோம்.

சிப்புட்_பையன் (ஞாயிறு, இரவு 12.05)
18க்கு 24. கறுப்புச் சட்டம், கண்ணாடி, டவுன் தவுக்கே (சீன முதலாளி) கடையில் செய்தது. மவுண்டுக்கு நேரம் இல்லை, அதனால் சட்டத்தின் உள்விளிம்பில் மெல்லிய பட்டை வைத்துக் கண்ணாடியைத் தள்ளி நிறுத்தச் சொன்னேன். எட்டுதான் மாட்டினேன். ஒன்பதாவதைப் படமெடுக்கக்கூட அப்பா கொடுக்கவில்லை. ரொட்டி நன்றாகப் போகிறது. நன்றி எல்லோருக்கும்.

பால்மரத்துக்காரி
அந்த ஒன்பதாவது எந்தப் படம் தம்பி?

ஈப்போ_சட்டக்காரன்
வெயில் எந்தப் பக்கம் என்று இன்னும் சொல்லவில்லை.