மெர்ரெடின் பக்கம் அப்பாவ எங்கெங்க கூட்டிட்டு போகலாம்?

தொண்டிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சியும் மாப்ளயும் மேற்கு ஆஸ்திரேலியால மெர்ரெடின்ல இருக்காங்க, நவம்பர்ல அப்பாவ கூட்டிட்டு போறேன். திருவாடானை பக்கம் மானாவாரி நெல்லும் மிளகாயும் போட்டு வானத்த பாத்தே காலத்த ஓட்டுன மனுசன், மால் கீல்லாம் ஒத்துவராது, கோதும காட்டத்தான் பாக்கணும்ங்கிறாரு. மாப்ள வேவ் ராக் போலாம்ங்கிறாரு. வேற என்ன இருக்கு?

பரமக்குடி டூ பெர்த்:
நல்ல நேரத்துலதான் வர்றீங்க தம்பி, நவம்பர்ல அறுவடை மும்முரமா இருக்கும், நெடுக கோதும லாரிதான். அங்கயும் கிணத்துப் பாசனம் கிடையாது, குளிர்கால மழைய நம்பித்தான் விதைக்கிறாங்க. வேவ் ராக் ஹைடன் ஊர்கிட்ட இருக்கு, 15 மீட்டர் உசரம், 110 மீட்டர் நீளம், அலை எந்திரிச்சு அப்படியே நின்ன மாதிரி கருங்கல்லு. எல்லாரும் கீழ நின்னு போட்டோ எடுத்துட்டு கிளம்பிருவாங்க, நீங்க மறக்காம அப்பாவுக்கு மேல ஓடுற அந்த குட்டைச் சுவர காட்டுங்க. 1928ல கட்டுனது, பாறைல விழுற மழத்தண்ணி கீழ வழிஞ்சு வீணாகாம சுவரோரமாவே ஓடி டேமுக்கு போயிரும். நம்ம ஊரணிக்கு வரத்துக்கால் வெட்டுற அதே வேலைதான். மெர்ரெடின் பீக்ங்கிற பாறைக் குன்றுலயும் இதே மாதிரி சுவர் இருக்கு, ரயில் இஞ்சினுக்கு தண்ணி சேக்க கட்டுனது, வீட்டுப் பக்கத்துலயே இருக்கு, காலைல நடந்தே போய்ட்டு வரலாம்.

அப்புறம் ஹைவே ஓரமா பெரிய குழாய் கூடவே வரும். பெர்த் பக்கத்து முண்டாரிங் அணைல இருந்து கல்கூர்லி தங்கச் சுரங்கத்துக்கு 530 கிலோமீட்டர், 1903ல தண்ணி போய் சேந்துச்சு. போட்ட இஞ்சினியர் ஓ'கானர் அத பாக்காமலே 1902ல இறந்துட்டாரு, எனக்கு அத நெனச்சா இன்னைக்கும் மனசு கஷ்டமா இருக்கும்.

உப்பளம் வாலிநோக்கம்:
வழில வெள்ளையா பூத்து மரமெல்லாம் பட்டுப்போன நெலம் வரும், வண்டிய நிறுத்தி அப்பாவ காட்டுங்க. காட்ட அழிச்சு கோதும போட்டாங்க, ஆழமா வேர் விட்ட மரம் குடிச்ச தண்ணிய கோதும குடிக்கல, நிலத்தடி தண்ணி மேல ஏறி உப்பையும் தூக்கிட்டு வந்துருச்சு. எங்க பக்கம் கடலோரம் உவர் ஏறுன வயல பாத்து வளந்தவன், எனக்கு வேவ் ராக்க விட அதுதான் முக்கியம்.

தொண்டிக்காரன்:
ரொம்ப நன்றிண்ணே ரெண்டு பேருக்கும். பெர்த்ல இருந்து ரயில் இருக்கா, அப்பாவுக்கு கார்ல ரொம்ப நேரம் உக்கார முடியாது.

பரமக்குடி டூ பெர்த்:
மெர்ரெடினுக்கு ப்ராஸ்பெக்டர் ரயில் இருக்கு, அதுலயே வாங்க. ஹைடனுக்கு கார்தான். இருட்டுறதுக்குள்ள திரும்பிருங்க, அந்தி நேரம் கங்காரு திடீர்னு ரோட்டுல பாயும்.